இரண்டாவது குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம் மூத்தவளின் தலசீமியாவுக்கு உதவுமா?

மலர்_பொள்ளாச்சி | ஜனவரி 11, இரவு 10.48

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு நாலே கால் வயது. பீட்டா தலசீமியா மேஜர், உடம்பால் சரியான ரத்தம் உண்டாக்க முடியாத பரம்பரை நோய். ஏழாவது மாதத்தில் கண்டுபிடித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். எடை 13 கிலோ. போன மாதம் ஃபெரிட்டின் (ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பைக் காட்டும் கணக்கு) 2,900. இரும்பு இறங்குவதற்கு தினமும் மாத்திரை கரைத்துக் கொடுக்கிறேன், இறங்க மாட்டேன் என்கிறது. நானும் கணவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். இருவருமே கேரியர் (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்) என்பது அவள் பிறந்த பிறகுதான் தெரியும்.

இப்போது எனக்கு ஒன்பது வாரம். திட்டமிட்டது இல்லை. வேண்டாம் என்றும் மனசு வரவில்லை. ஸ்கேனுக்குப் போன இடத்தில் டை கட்டிய பையன் ஒருவன் வழவழவென்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தான். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் 80 நோய்க்கு மருந்தாம். எழுபதாயிரம் ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். மூத்தவளுக்குத் தலசீமியா என்றதும், "அப்போ கண்டிப்பா எடுங்க மேடம், அவளும் குணமாயிடுவா" என்றான். அவன் சொன்ன வேகத்தைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

எங்கள் ரத்தநோய் டாக்டரை அடுத்த வாரம்தான் பார்க்க முடியும். அதுவரை தூக்கம் வராது. இது உண்மையான வைத்தியமா, வியாபாரமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தணிகை72 | ஜனவரி 11, இரவு 11.30

இரண்டும்தான் அம்மா. ஒரே பைக்குள் இரண்டும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர். வைத்தியம் என்கிற பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளுக்மான் என்ற மருத்துவர் உலகத்தில் முதல் முறையாகத் தொப்புள்கொடி ரத்தத்தை, அதிலுள்ள ரத்தம் உண்டாக்கும் மூலச் செல்களுக்காக, ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். நோயாளி அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த 5 வயதுப் பையன். அவனுக்கு ஃபான்கோனி ரத்தசோகை, மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திக்கொண்டு வரும் பரம்பரை நோய். அவன் அம்மா அப்போது கர்ப்பம், உங்களைப் போலவே. வயிற்றிலிருந்த தங்கைக்கு நோய் இல்லை, திசுப் பொருத்தமும் இருக்கிறது என்று பிறக்கும் முன்பே பார்த்துவிட்டார்கள். பிறந்ததும் கொடியிலிருந்த ரத்தத்தை எடுத்து, இண்டியானாவில் ஹால் ப்ராக்ஸ்மேயரின் ஆய்வகத்தில் உறைய வைத்து, அப்படியே பாரிசுக்குக் கொண்டுபோனார்கள்.

அமெரிக்கப் பையனுக்கு ஏன் பாரிஸ் என்று கேட்கத் தோன்றும். ஃபான்கோனி நோயாளியின் செல்கள் கீமோவையும் கதிர்வீச்சையும் தாங்காது. வழக்கமான அளவு கொடுத்தால் பிள்ளையே போய்விடும். குறைந்த அளவு மருந்தில் பழைய மஜ்ஜையை அகற்றிப் புதுச் செல்லுக்கு இடம் தயார் செய்யும் முறையை அதற்கு முன்பே பழகி வைத்திருந்தவர் க்ளுக்மான். பையன் பிழைத்தான், வளர்ந்து பெரியவனானான்.

கவனியுங்கள், அன்றைக்கு நடந்தது தங்கையின் ரத்தம் அண்ணனுக்குப் போனது. அந்தக் குழந்தையின் ரத்தத்தை அந்தக் குழந்தைக்கே பிற்காலத்துக்கு எடுத்துவைத்த கதை இல்லை. உங்களுக்குப் புத்தகம் கொடுத்த பையன் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவான்.

ரகு_ஓசூர் | ஜனவரி 12, காலை 8.05

எல்லாவற்றையும் வியாபாரம் என்று ஒதுக்க வேண்டாம் சார். எங்கள் பையனுக்கு எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி. நாளைக்கே அவனுக்கு லுக்கேமியா வந்தால் என்ன செய்வீர்கள்?

நுண்ணோக்கி | ஜனவரி 12, காலை 9.22

ரகு சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கொடி ரத்த வங்கியில் ஆறு வருடம் பையைப் பிரித்துச் செல் எண்ணிய ஆள் நான், இப்போது வேறு வேலை.

லுக்கேமியா வந்தால் பையனின் சொந்தப் பையை எந்த டாக்டரும் தொட யோசிப்பார். குழந்தைப் பருவ லுக்கேமியா பலவற்றில் முதல் மரபணுக் கோளாறு பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிறது. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி அட்டையில் வைத்திருந்த ரத்தத் துளியிலேயே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பையில் அதே விதை உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்று, அடுத்தவர் செல் உள்ளே போனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லை அது அந்நியனாகப் பார்த்து அடிக்கும். சொந்தச் செல் அடிக்காது. தலசீமியா, சிக்கிள் செல் மாதிரி பரம்பரை நோய்க்குக் கேட்கவே வேண்டாம். விதைநெல்லே சொத்தை என்றால் பத்திரமாக எடுத்து வைத்து என்ன பயன்?

அந்த "80 நோய்" பட்டியல் பொய் இல்லை. ஆனால் அதில் பெரும்பாலானவற்றுக்கு வேறொருவரின் செல்தான் வேண்டும். அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதலிலேயே, தன் குழந்தையின் எதிர்காலத் தேவைக்கென்று கொடி ரத்தம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இந்த வைத்தியத்தால் குணமாகக்கூடிய நோயோடு ஒரு பிள்ளை இருந்து, அம்மா மறுபடி கர்ப்பமாக இருந்தால் மட்டும் அந்தக் குடும்பத்துக்காகச் சேமிக்கலாம் என்று விலக்கு.

மலர் அக்கா, அந்த விலக்கே நீங்கள்தான்.

மலர்_பொள்ளாச்சி | ஜனவரி 12, மதியம் 1.15

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். நன்றி தம்பி. அப்படியென்றால் பிறக்கும் குழந்தையின் ரத்தம் அவளுக்குக் கண்டிப்பாகச் சேருமா?

ஜான்சி_சிஸ்டர் | ஜனவரி 12, இரவு 9.40

கண்டிப்பாக என்ற சொல்லை எங்கள் வார்டில் யாரும் சொல்ல மாட்டோம் மலர். மஜ்ஜை மாற்று வார்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடப் பிறந்தவர்களுக்குள் ஹெச்.எல்.ஏ. (திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள்) முழுசாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்று. நீங்கள் இருவரும் கேரியர் என்பதால் இந்தக் குழந்தைக்கும் தலசீமியா மேஜர் வர நாலில் ஒன்று, வராமலிருக்க நாலில் மூன்று. இரண்டு மரபணுவும் வேறு வேறு குரோமோசோமில் இருக்கின்றன (தலசீமியா 11, ஹெச்.எல்.ஏ. 6), ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. நோயும் இல்லாமல் பொருத்தமும் இருக்க வேண்டும் என்றால் பதினாறில் மூன்றுதான். கையில் வைத்துக்கொள்ளுங்கள் அந்த எண்ணை. அந்தப் பையன் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

முதல் வேலை வங்கி இல்லை. பதினோராவது வாரத்திலிருந்து பதிமூன்றுக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து ஊசியில் கொஞ்சம் எடுத்து, இந்தக் குழந்தைக்குத் தலசீமியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் பரிசோதனை நெடுங்காலமாகவே செய்கிறார்கள், வேறு பெரிய இடங்களிலும் உண்டு. ஒன்பது வாரம் என்றால் அதற்கு நாள் அதிகம் இல்லை. அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் இழுக்க முடியுமா பாருங்கள். போகும்போது உங்கள் இருவரின் ஹெச்.பி.ஏ.2 ரிப்போர்ட் (கேரியரா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), மகளின் மரபணு ரிப்போர்ட் இருந்தால் அதுவும்.

பூங்குழலி_சிங்கை | ஜனவரி 13, காலை 7.10

சேமிக்க முடிவு செய்தால் பையை யார், எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இங்கே சிங்கப்பூரில் 2023 நவம்பரில் சுகாதார அமைச்சு ஒரு தனியார் வங்கியின் ஏழு தொட்டிகளில் குளிர்நிலை தவறியதாக அறிவித்தது. மைனஸ் 150 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. 2,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பைகள் வீண். என் தோழி தன் மகனின் பை எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று தெரியாமல் கடிதத்துக்குக் காத்திருந்தாள். இருபது வருடம் பணம் கட்டிவிட்டுத் திறந்தே பார்க்காத ஒரு பெட்டி அது, உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ரகு_ஓசூர் | ஜனவரி 13, காலை 11.50

நாங்கள் சேர்ந்தது சமூக வங்கித் திட்டம். என் பையனின் பை மட்டும் இல்லை, உறுப்பினர் எல்லோருடைய பையும் பொதுவில். நுண்ணோக்கி சொல்லும் குறை அதில் இல்லையே? அடுத்தவர் செல்தானே கிடைக்கும்.

நுண்ணோக்கி | ஜனவரி 13, மாலை 6.35

நியாயமான கேள்வி. தத்துவப்படி அது நல்ல ஏற்பாடுதான். சிக்கல் பையின் அளவில்.

ஒரு பை வேலைக்கு ஆகுமா என்பதை நோயாளியின் எடை தீர்மானிக்கிறது. கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி உட்கருச் செல் (உட்கரு உள்ள செல், மூலச் செல்லும் இதில் அடக்கம்) வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தலசீமியா மாதிரி நோய்க்கு 3.5 கோடி இருந்தால் நல்லது என்பார்கள், ஏனென்றால் பல முறை ரத்தம் ஏற்றிய உடம்பு புதுச் செல்லைத் தள்ளப் பார்க்கும். 60 கிலோ ஆளுக்கு 150 கோடி. நான் எண்ணிய பைகளில் அந்த எண்ணைத் தொட்டவை மிகக் குறைவு. கொடியைப் பிறந்த உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் விட்டு வெட்டினால் குழந்தைக்கு இரும்புச் சத்து நன்றாகச் சேரும், அதுதான் சரியும்கூட. ஆனால் பைக்கு வரும் ரத்தம் குறையும். பொது வங்கியில் சின்னப் பை வந்தால் தள்ளிவிடுவார்கள். பணம் கட்டியவரின் பையை அப்படித் தள்ள முடியுமா? அதனால் ரகு சார், உங்கள் சான்றிதழில் மொத்த உட்கருச் செல் என்ற வரியைப் பாருங்கள். எண்ணை இங்கே போடுங்கள், நானே சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு பை போதாது என்பதால் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இரண்டு பையைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு பைதான் ஜெயிக்கும், மற்றது ஓரிரு மாதத்தில் காணாமல் போய்விடும். ஏன் என்று இன்னும் ஆராய்கிறார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஒமிடுபிசெல் என்ற ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒரு பைச் செல்லை ஆய்வகத்தில் வைட்டமின் பி3 வகையோடு வளர்த்துப் பெருக்கித் தருவது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

கொடி ரத்தத்தின் அழகும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எதிரி மாதிரி தெரியும். அதிலுள்ள டி செல்கள் (எதிர்ப்புச் சக்திச் செல்கள்) உலகம் பார்க்காத பச்சைப் பிள்ளைகள். பொருத்தம் ஆறில் நாலு இருந்தாலே சமாளித்துக்கொள்ளும், மஜ்ஜை என்றால் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. அதனால்தான் 1990-களில் நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் பொது வங்கி தொடங்கியதும், கொடையாளர் பட்டியலில் ஆள் கிடைக்காத கறுப்பின, கலப்பினக் குழந்தைகளுக்கு அது பெரிய வாசலாக ஆனது. உலகம் முழுக்க இதுவரை 40,000-க்கு மேல் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஜப்பானில் இன்றைக்கும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் நடக்கிறது.

ரகு_ஓசூர் | ஜனவரி 14, இரவு 8.20

பார்த்தேன். 31 கோடி என்று இருக்கிறது. என் பையன் இப்போது 22 கிலோ.

நுண்ணோக்கி | ஜனவரி 14, இரவு 8.41

கிலோவுக்கு 1.4 கோடி. உங்களுக்கே தெரிந்திருக்கும். பொங்கல் அன்றைக்கு இதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, மன்னியுங்கள்.

நெறியாளர் | ஜனவரி 15, காலை 10.00

"தள்ளுபடி விலையில் சேமிப்பு" என்று கைப்பேசி எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மலர் அவர்களின் உள்பெட்டிக்கும் அனுப்பியிருந்தால் தெரிவிக்கவும்.

பழனிவேல்_ஈரோடு | ஜனவரி 17, இரவு 11.55

சகோதரி, உங்கள் பதிவை என் மனைவிதான் காட்டினாள். நாங்கள் இந்தப் பாதையில் போய்விட்டு வந்தவர்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கும் தலசீமியா மேஜர். தம்பி பிறந்தபோது கொடி ரத்தம் எடுத்தோம். எடுப்பதில் ஒன்றுமே இல்லை. கொடியை வெட்டியதும் பிள்ளை ஒரு பக்கம் போய்விடும், நஞ்சுப் பக்கம் இருக்கும் கொடியின் ரத்தக்குழாயில் ஊசி போட்டு, பையைக் கீழே தொங்கவிட்டால் தானாக இறங்கும். ஐந்து நிமிடம். அம்மாவுக்கும் வலி இல்லை, பிள்ளைக்கும் இல்லை. முழுப் பொருத்தம் என்று ரிப்போர்ட் வந்த அன்று நான் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

அப்புறம்தான் செல் எண்ணிக்கை வந்தது. 41 கோடி. மகள் 17 கிலோ. டாக்டர் காகிதத்தில் வகுத்துக் காட்டினார், 2.4. "இதை மட்டும் நம்பி இறங்க மாட்டேன்" என்றார். தம்பி கொஞ்சம் வளரட்டும், அவனிடமே மஜ்ஜையும் எடுத்து இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம் என்று ஒன்றரை வருடம் காத்திருந்தோம். அதாவது கொடி ரத்தத்தால் நாங்கள் ஊசியிலிருந்து தப்பவில்லை. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் இருந்திருக்காது.

பத்து நாள் கீமோ. முடி எல்லாம் கொட்டியது. என் அம்மா பழனிக்கு மொட்டை நேர்ந்திருந்தார், "முருகன் இங்கேயே வந்து எடுத்துக்கிட்டான்" என்றார். மாற்று நடந்த அன்று காலையில் தம்பியின் இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்தார்கள், மயக்கத்தில். சாயங்காலமே பிஸ்கட் கேட்டான். மகளின் அறைக்கு ஒரு சின்ன எஃகு டப்பா வந்தது, திறந்ததும் புகை. கைப்பேசி அளவு தகட்டுக்குள் ஒரு பை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே 37 டிகிரி வெந்நீரில் உருக்கி, நெஞ்சில் போட்டிருந்த குழாய் வழியாகப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். என் மனைவி "இவ்வளவுதானா?" என்று கேட்டே விட்டாள். வாசனைதான் மறக்கவில்லை. உறைய வைக்கச் சேர்க்கும் திரவம் மூச்சு வழியாக வெளியே வருமாம், அறை முழுக்க இரண்டு நாள் வேகவைத்த மக்காச்சோள வாசனை. வாய் கசக்கும் என்று சிஸ்டர் ஒரு எலுமிச்சை மிட்டாய் கொடுத்தார்.

பிறகு காத்திருப்பு. தினமும் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், பத்து மணிக்கு கவுண்ட் வரும். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தயிர் கூடாது, தோல் உரிக்க முடியாத பழம் கூடாது, இட்லியைக்கூட குக்கரில் மறுபடி ஒரு விசில் விட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். தயிர்சாதம் வேண்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு) 500-ஐத் தாண்டியது.

உள்ளங்கையில் சிவந்து தோல் உரிந்தது, லேசான ஜி.வி.ஹெச்.டி. (கொடுத்தவரின் செல் வாங்கியவரின் உடம்பைத் தாக்குவது) என்றார்கள், மருந்தில் அடங்கியது. மொட்டைத் தலையில் முடி வரும் முன்னே நெற்றியிலும் கன்னத்திலும் பூனைமுடி முளைத்தது, அது சைக்ளோஸ்போரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) செய்யும் வேலை. குழந்தையில் போட்ட தடுப்பூசி எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி போட்டோம்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ரத்தம் ஏற்றி ஆறு வருடமாகிறது. முன்பு பி பாசிட்டிவ், இப்போது தம்பியைப் போல ஓ பாசிட்டிவ். பள்ளி அடையாள அட்டையில் மாற்றப் போனால், அலுவலகத்தில் "முதல்ல தப்பா எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தணிகை72 | ஜனவரி 18, காலை 6.15

பழனிவேல் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அனுபவத்துக்குப் பக்கத்தில் வைக்க ஆய்வு முடிவும் இருக்கிறது. இத்தாலியின் லொகதெல்லி குழு 2003-ல் வெளியிட்டது: கூடப் பிறந்தவரின் கொடி ரத்தம் பெற்ற 44 குழந்தைகள், அதில் 33 பேர் தலசீமியா, மற்றவர்கள் சிக்கிள் செல். ஒருவர்கூட இறக்கவில்லை. 36 பேர் நோயில்லாமல் இருந்தார்கள். மற்ற எட்டுப் பேருக்கு ஒட்டவில்லை. 2013-ல் இன்னும் பெரிய கணக்கு: தலசீமியாவில் ஆறு வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் மஜ்ஜையில் நூற்றுக்கு 86, கொடி ரத்தத்தில் 80. கொடி ரத்தக் கூட்டத்தில் கடுமையான நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. இல்லை. அதாவது கொடி ரத்தம் மெல்ல ஒட்டும், சில சமயம் ஒட்டாமலும் போகும், ஒட்டினால் அதிகம் சண்டை போடாது.

உறவில்லாதவரின் கொடி ரத்தம் என்றால் கதையே வேறு. 2011-ல் வந்த ஆய்வில் 35 தலசீமியா குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒட்டவே இல்லை. மலர் அம்மா, சமூக வங்கியில் தேடித் தருகிறோம் என்று யாராவது வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான்சி_சிஸ்டர் | ஜனவரி 18, மதியம் 2.30

பொருத்தமான உடன்பிறப்பு இல்லாவிட்டால் வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இப்போது அப்பாவோ அம்மாவோ பாதிப் பொருத்தத்தில் கொடுப்பது நிறைய நடக்கிறது. மாற்று முடிந்து மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற கீமோ மருந்தைக் கொடுத்து, சண்டைக்கு வரும் செல்களை மட்டும் அடக்கும் முறை, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆரம்பித்தது. கொடி ரத்தத்துக்குப் பல நாடுகளில் மவுசு குறைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். தலசீமியாவில் அது இன்னும் கடினம், லுக்கேமியா அளவுக்குச் சுலபமில்லை. கொடையாளர் பட்டியல் சென்னையிலேயே இருக்கிறது, தாத்ரி என்ற அமைப்பு 2009-லிருந்து இயங்குகிறது.

பணத்துக்கு: கோல் இந்தியாவின் தலசீமியா பால் சேவா யோஜனா என்று ஒன்று உண்டு, மாற்றுக்குப் பத்து லட்சம் வரை தருகிறார்கள். வருமான வரம்பு உண்டு. மாற்று செய்யும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் எல்லாப் படிவமும் தெரியும்.

மலர்_பொள்ளாச்சி | பிப்ரவரி 20, இரவு 9.05

ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். பரிசோதனை முடிந்தது. ஊசியைவிடக் காத்திருந்த பன்னிரண்டு நாள்தான் வலி. குழந்தைக்கு மேஜர் இல்லை. எங்களைப் போலக் கேரியர்.

பொருத்தம் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். கொடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார், ஆனால் எந்த வங்கி என்பதை அவரே சொல்வதாகவும், உறைய வைப்பதற்கு முன் எண்ணிய செல் கணக்கு, சி.டி.34 (மூலச் செல்) எண்ணிக்கை, உயிரோடிருக்கும் செல் சதவீதம், கிருமிப் பரிசோதனை நாலும் எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னார். அந்த டை கட்டிய பையனுக்கு போன் செய்து இந்த நாலையும் கேட்டேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான் போல.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. என் நாத்தனார் நேற்று வந்திருந்தபோது, "அப்போ இது ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பெத்துக்கிற பிள்ளையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரவு முழுக்க வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பழனிவேல்_ஈரோடு | பிப்ரவரி 20, இரவு 11.20

எங்களிடமும் கேட்டார்கள் சகோதரி, வேறு வார்த்தையில். நான் பதில் எதுவும் வைத்திருக்கவில்லை. என் பையன் இப்போது அக்காவோடு சண்டை வந்தால் "என் ரத்தத்தைத் திருப்பிக் கொடு" என்கிறான். அவள் "வந்து எடுத்துக்கோ" என்று கையை நீட்டுகிறாள். வீட்டில் நடப்பது அவ்வளவுதான்.

பூங்குழலி_சிங்கை | பிப்ரவரி 21, காலை 6.50

கேரியர் என்ற செய்திக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மலர்.

மலர்_பொள்ளாச்சி | செப்டம்பர் 14, மாலை 4.10

தம்பி பிறந்து ஐந்து வாரம். 2.9 கிலோ. கொடியை முக்கால் நிமிடம் கழித்துத்தான் வெட்டினார்கள், நாங்களும் அதைத்தான் கேட்டோம். 74 மில்லி கிடைத்தது.

ரிப்போர்ட் நேற்று வந்தது. முழுப் பொருத்தம்.

செல் 58 கோடி. இவள் இப்போது 14.5 கிலோ. நானே காகிதத்தில் வகுத்தேன், சரியாக நாலு வந்தது. குதித்துக்கொண்டு டாக்டரிடம் போனால் அவர் மெல்லச் சிரித்தார். உருக்கும்போது கொஞ்சம் செல் போகும், ஃபெரிட்டின் இறங்கும் வரை மாற்றுக்கு அவசரப்பட மாட்டேன், அதற்குள் இவள் 16 கிலோ ஆகிவிடுவாள், அப்போது கணக்கு விளிம்பில் நிற்கும் என்றார். தம்பிக்கு ஒரு வயது தாண்டட்டும், அவனிடம் கொஞ்சம் மஜ்ஜையும் எடுத்துச் சேர்த்துக்கொள்வோம் என்பதே முடிவு. பழனிவேல் அண்ணா, உங்கள் கதையை முன்பே படித்திருந்ததால் நான் அழவில்லை. என் கணவர்தான் கொஞ்சம் உடைந்துபோனார்.

ஆக இப்போது எங்கள் கையில் இருக்கும் வேலை ஃபெரிட்டின். 2,600-லேயே நிற்கிறது. கல்லீரல் கெடாமல் இருந்தால்தான் மாற்று நன்றாக முடியும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. வேறு என்ன செய்வது?

நுண்ணோக்கி | செப்டம்பர் 14, மாலை 5.00

58 கோடியும் முழுப் பொருத்தமும்! ஆறு வருடம் எண்ணியதில் இப்படி ஒரு பைக்கு யார் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

பழனிவேல்_ஈரோடு | செப்டம்பர் 14, இரவு 10.15

வாழ்த்துகள் சகோதரி. மாத்திரை டெஃபராசிராக்ஸ்தானே, கரைத்துக் கொடுப்பது? எதில் கரைக்கிறீர்கள், எப்போது கொடுக்கிறீர்கள்? பாலில் கலக்கக் கூடாது. தண்ணீரிலோ ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸிலோ நன்றாகக் கலக்கி, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கும். அதில் மறுபடி கொஞ்சம் ஜூஸ் விட்டு அலசி அதையும் குடிக்க வைக்க வேண்டும். எங்கள் வார்டு சிஸ்டர் டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

மலர்_பொள்ளாச்சி | செப்டம்பர் 14, இரவு 10.22

அண்ணா, அந்த வெள்ளையை நான் இத்தனை நாளாகக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தேன்.